சி ஆலையின் மூன்றாவது ஆள்

ஃபோஸ்நெஸ்
ஜனவரி 14, 1963

அன்புள்ள குன்வோர்,

பி ஆலையின் நூறு இரவுகளையும் காகிதத்தில் ஓட்டி முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரவு ஷிஃப்டுக்கு இரண்டு ஃபிட்டர்கள் போதும். நின்றுபோன ஓர் இயந்திரம், பார்க்க ஆளில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தால் அதைக் கெட்ட இரவு என்று குறிக்கச் சொல்லியிருந்தாய். நூற்றில் இரண்டே இரண்டு இரவுகள்தான் அப்படி வந்தன. இரண்டையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் சிரிக்காதே. வரிசையில்லாமல் இலக்கங்களை அச்சடித்த அந்த எண் புத்தகத்தை எங்காவது திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, அங்கிருந்து கீழே இறங்குகிறேன். ஒரு ஜோடி இலக்கம் எந்த இயந்திரம் எப்போது நிற்கிறது என்று சொல்கிறது. அடுத்த ஜோடி, அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று. ராக்னா தள்ளுவண்டியில் வாசலில் தூங்கி எழுவதற்குள் ஒரு காகித ஆலையில் மூன்று இரவுகள் முடிந்துவிடுகின்றன. எட்டு மாதக் குழந்தையோடு இருப்பவளுக்கு, தொடங்கியதை முடிப்பது என்பது பெரிய விஷயம்.

ஐவிந்த், என் அருமைப் புருஷன், என்னைக் கேலி செய்கிறான். "இல்லாத மில்லு, இல்லாத ராத்திரி, இல்லாத ரிப்பேரு. அடுப்புல இருக்கற கஞ்சி மட்டும் நெசமாவே தீயுது" என்கிறான். அவனே இங்கே ஆலையில் இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் என்பதால் இதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டாம். "எங்க பாதிரியாரையும் உன் கணக்குல சேர்த்துக்கோ" என்றான். மூன்றாம் நம்பர் காகித இயந்திரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காக வேலை செய்யுமாம். மற்ற ஆறு நாளும் அடுத்தவர் உயிரை வாங்குமாம்.

ஞானஸ்நானத்துக்கு நீ தபாலில் அனுப்பிய வெள்ளிக் கரண்டியை ராக்னா இப்போது கடித்துக்கொண்டிருக்கிறாள். பல் இன்னும் வரவில்லை. மற்ற குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலேயே வந்துவிட்டதாம். நர்ஸ் பயப்பட ஒன்றுமில்லை என்கிறாள். நர்ஸ் எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறாள்.

நீ வந்திருக்கலாம், குன்வோர்.

தோர்டிஸ்


ஆஸ்லோ
ஜனவரி 21

தோர்டிஸ்,

தாள்கள் கிடைத்தன. தலைமைப் பொறியாளர் விபோர்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை" என்றார். அந்த மனிதர் அதற்கு மேல் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பி ஆலையில் மூன்றாவது ஃபிட்டர் இடம் பிப்ரவரி முதல் தேதியோடு எடுக்கப்படுகிறது.

சி ஆலையின் விவரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய விதிகள்தான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். நூறு இரவில் கெட்ட இரவு ஐந்துக்குக் குறைந்தால் இரண்டு பேர். ஐந்துக்கு மேலே போனால் மூன்று பேர். கணக்குப் போடுபவருக்கு ஆலை எது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கணக்கு செல்லாது. எந்த எழுத்து எந்த ஆலை என்ற தாள் விபோர்க்கின் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. எனக்கே தெரியாது.

ஞானஸ்நானத்துக்கு நான் வராததற்குக் காரணம் பனிப்புயல் என்று அப்போது எழுதினேன். அன்று புயல் இருந்தது உண்மைதான். ரயிலும் ஓடியது. நீ வேலையை விட்ட அன்று மாடிப்படியில் வைத்து, "நாலு வருஷ கணக்குப் படிப்ப தொட்டில்ல போட்டு ஆட்டப் போறியாக்கும்" என்று நான் கேட்டேன். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு தேவாலயத்தில் வந்து உன் பக்கத்தில் நின்று நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? சொன்னது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. சொன்ன விதம்தான்.

உன் நாற்காலி இன்னும் ஜன்னலோரத்தில் இருக்கிறது. அதன் மேல் கோப்புகளை அடுக்குகிறேன்.

குன்வோர்


ஃபோஸ்நெஸ்
ஜனவரி 28

அன்புள்ள குன்வோர்,

ஒரு சின்ன வேண்டுகோள். சி ஆலைக்கு நான் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும், எந்த வரியில் தொடங்க வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பு. இதுவரை நானே கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். இந்த முறை வேண்டாம்.

காரணம் ஒன்றும் பெரிதல்ல. புத்தகத்தின் முதுகு சில இடங்களில் தளர்ந்துவிட்டது, திறந்தால் அதே பக்கங்களில்தான் விழுகிறது. அப்படி வைத்துக்கொள்.

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். மூன்றாவது ஆளின் இடத்தை எடுத்தால் அந்த ஆளை என்ன செய்வார்கள்? வேலையை விட்டே அனுப்புவார்களா, அல்லது வடக்கே இருக்கும் புது ஆலைக்கா? அங்கே குடும்பத்துக்கு வீடு கொடுக்கிறார்களா? இங்கே எல்லா வீடும் ஆலையுடையது. அதனால் கேட்டேன்.

கூரை ஓரத்தில் பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. தள்ளுவண்டியை இரண்டு முறை நகர்த்திவிட்டேன். எங்கே நிறுத்தினாலும் மேலே ஏதோ ஒன்று தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி, "நாலு புள்ளைய இதே வாசல்ல தூங்க வச்சிருக்கேன், ஒண்ணு தலையிலயும் ஒண்ணும் விழல" என்றாள். நான்கு குழந்தைகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

தோர்டிஸ்


ஆஸ்லோ
பிப்ரவரி 1

தோர்டிஸ்,

பக்கம் 214, வரி 17. என் மேசை நாட்காட்டியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.

வடக்கே அனுப்புவார்கள். முதல் ஆண்டு ஆண்களுக்கு மட்டும் தங்குமிடம். குடும்பத்துக்கு வீடு பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "பிறகு" என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

புத்தகத்தின் முதுகு தளர்ந்த கதையை நான் நம்பவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஆளுக்கொன்றாக வாங்கிய புத்தகம் அது. கல் மாதிரி இருக்கும். சி எந்த ஆலை என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும்.

குன்வோர்


ஃபோஸ்நெஸ்
பிப்ரவரி 12

அன்புள்ள குன்வோர்,

சி ஆலையின் நூறு இரவுகள் இத்துடன். கெட்ட இரவுகள் நான்கு. இரண்டு ஃபிட்டர்கள் போதும்.

நீ பதில் எழுத வேண்டாம் என்ற கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நீ அனுப்பிய விவரத்தின் இரண்டாம் தாளில், மூன்றாம் இயந்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரு பழுதுகூட இல்லை. இரண்டு வருடத்தில் ஒன்றுகூட. திங்கள் முதல் சனி வரை வேறெந்த இயந்திரத்தையும்விட அதிகம். பாதிரியார். ராக்னாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே படித்தேன், கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள்தான் மேசையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

இங்கே மூன்று ஃபிட்டர்களில் கடைசியாகச் சேர்ந்தவன் ஐவிந்த். கணக்கில் அடிபடும் மூன்றாவது ஆள் அவன்தான்.

அன்றே தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அனுப்பினால் வேறு யாரோ போடுவார்கள், எங்கே என்ன தவறு செய்வார்களோ என்று இருந்தது. நானே போட்டால் என்னை நம்ப முடியாது. அதனால்தான் பக்கத்தை உன்னிடம் கேட்டேன். பக்கம் உன்னுடையது, இறங்குவது மட்டும் என்னுடையது என்றால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அறுபத்து மூன்றாம் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஃபிட்டர்களும் ஒன்றாம் இயந்திரத்தின் அடியில் கிடக்கும்போது பாதிரியார் நின்றார். பிறகு இரண்டாம் இயந்திரம். புத்தகம் எண்பது என்று சொன்னது. இன்னும் கொஞ்சம் மேலே போ, இன்னும் நீளமான பழுதாக இரு என்று என் மனம் அந்த எண்ணைப் பிடித்துத் தள்ளுவது எனக்கே தெரிந்தது. எவனோ இரண்டு பேர் எண்ணெயில் குளித்துக்கொண்டு கிடக்கட்டும், ஓர் இயந்திரம் விடிய விடிய நிற்கட்டும், என் புருஷன் வீட்டில் இருப்பான் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ராக்னா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்து, ஒரு மணி நேரம் என்று எழுதினேன்.

ஐவிந்துக்கு எதுவும் தெரியாது. நீ என்ன செய்ய வேண்டுமோ செய்.

தோர்டிஸ்


ஆஸ்லோ
பிப்ரவரி 18

தோர்டிஸ்,

நீ ஒரு முட்டாள். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

ஞாயிறு முழுக்க என் சமையலறை மேசையில் உட்கார்ந்து 214-ஆம் பக்கத்திலிருந்து உன் பின்னாலேயே இறங்கினேன். அச்சடித்த எண்கள் என்பதால் அதே இரவுகள் அப்படியே வந்தன. விதி என்ன? முப்பத்தொன்பது வரை கால் மணி நேரப் பழுது. நாற்பதிலிருந்து ஒரு மணி. எண்பதிலிருந்து மூன்று மணி. நீ நாற்பது வந்த இடத்திலெல்லாம் கால் மணி போட்டிருக்கிறாய். எண்பது வந்த இடத்திலெல்லாம் ஒரு மணி. ஓரிடத்தில்கூட மறுபக்கம் தவறவில்லை.

பி ஆலையின் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். அங்கே நாற்பது நாற்பதாகவே இருக்கிறது. எண்பது எண்பதாகவே இருக்கிறது. சி ஆலையில் மட்டும் உன் கை வழுக்கியிருக்கிறது, அதுவும் உன் வீட்டுக்கு எதிர்ப் பக்கமாக. திருடிவிடுவோமோ என்று பயந்து தன் பணப்பையையே கடையில் விட்டுவிட்டு வருகிறவளை என்ன சொல்வது?

விதிப்படி போட்டால் கெட்ட இரவுகள் ஆறு. மூன்று பேர் வேண்டும்.

ஆனால் இந்த ஆறை நான் யாரிடமும் காட்ட முடியாது. கணக்குப் போட்டவளுக்கு ஆலை தெரியும். நீ போட்ட நான்கும் செல்லாது, நான் திருத்திய ஆறும் செல்லாது, ஏனென்றால் இப்போது எனக்கும் தெரியும். ட்ரம்மனில் உன்னைப்போலவே வீட்டிலிருந்து கணக்குப் போடும் திருமதி ஹோல்ம்போவுக்கு விவரங்களைப் புதிதாக அனுப்பியிருக்கிறேன். பூனையைத் தவிர உலகில் வேறு யாரையும் அவருக்குத் தெரியாது. விபோர்க்கிடம், முதல் கணக்கு செல்லாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். "ஏன்?" என்றார். "கணக்குப் போட்டவருக்கு ஆலை தெரிஞ்சுபோச்சு" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எல்லாக் கணக்குப் பெண்களும் ஒருத்திதான்.

குன்வோர்


ஃபோஸ்நெஸ்
பிப்ரவரி 23

அன்புள்ள குன்வோர்,

உன் கடிதத்தை ஐவிந்தின் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு, இது என்ன புத்தி என்று தோன்றி அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ முட்டாள் என்றதில் எனக்குக் கோபமில்லை. பணப்பை உவமைதான் பிடிக்கவில்லை. அது என் பணப்பை மட்டுமல்ல. ஐவிந்தையும் ராக்னாவையும் கேட்காமல் அவர்களுடையதையும் சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. தாள்களை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், நாற்பது என்று எழுதும்போது கை என்ன செய்தது என்று நினைவில்லை.

ஆலையில் பேச்சு பரவிவிட்டது. நேற்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே ஐவிந்த் சொன்னான்:

"மேல யாரோ கணக்குப் போடறாங்களாம். ராத்திரிக்கு ரெண்டு பேரு போதுமாம்."

"யார் சொன்னா?"

"சாப்பாட்டு ரூம்ல பேசிக்கறாங்க. எவனோ ஆஸ்லோ கணக்குப்புள்ள. மில்ல கண்ணால பார்த்திருக்க மாட்டான்."

"பார்த்திருக்கலாம்."

"பார்த்திருந்தா, பாதிரியார நம்பி ரெண்டு பேர விட்டுட்டுப் போவானா? நீயே சொல்லு."

நான் அடுப்படியில் ஓட்டும் இல்லாத மில்லுக்கும் அவன் மில்லுக்கும் முடிச்சுப் போட அவனுக்குத் தோன்றவேயில்லை. நான் ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்து நீட்டினேன். அவன் தின்றுகொண்டே, "போனா நான்தான் போவேன். கடைசியா வந்தவன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வடக்க மீன் நல்லா கிடைக்குமாம்" என்றான். அவனுக்கு மீன் பிடிக்காது.

திருமதி ஹோல்ம்போவின் முடிவு வந்தால் எனக்குச் சொல்லாதே. எப்படியும் ஆலை வழியாகத் தெரிந்துவிடும். இல்லை, சொல். ஒரு நாள் முன்னதாகவாவது தெரிந்தால் ஐவிந்தின் கம்பளி உள்ளாடைகளைத் தைத்து வைப்பேன். முழங்கையெல்லாம் கிழிந்திருக்கிறது.

தோர்டிஸ்


ஆஸ்லோ
மார்ச் 8

தோர்டிஸ்,

நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

திருமதி ஹோல்ம்போவின் தாள்கள் காலைத் தபாலில் வந்தன. ஒரு தாளில் பூனையின் கால் தடம் இருந்தது. கெட்ட இரவுகள் ஐந்து.

குறைந்தால் இரண்டு பேர், மேலே போனால் மூன்று பேர் என்று எழுதி வைத்திருக்கிறோம். சரியாக ஐந்து வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. விதியை எழுதியவர் விபோர்க், சரிபார்த்தவள் நான். இருவரும் பட்டம் பெற்றவர்கள்.

அவரிடம் கொண்டு போனேன். அறையில் தட்டச்சு செய்யும் லிவ்வும் இருந்தாள்.

"இன்னொரு நூறு ராத்திரி போட்டுப் பார்த்துடலாம் சார்" என்றேன்.

"மத்தியானம் மூணு மணிக்கு இயக்குநர் கூட்டம். அதுக்குள்ள நூறு ராத்திரிக்கு எங்க போறது?" என்றார். பிறகு என் கையில் இருந்த எண் புத்தகத்தைப் பார்த்தார். "அதான் கையிலயே வச்சிருக்கியே. எங்கயாவது திற. முதல் இலக்கம் ஒத்தைப்படையா வந்தா ரெண்டு பேரு, இரட்டைப்படையா வந்தா மூணு பேரு. இதவிட நியாயமான வழி இருக்கா?"

நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் நாம் செய்துகொண்டிருப்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

"நான் திறக்கக் கூடாது சார். எனக்கு ஆலை தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்? சரி, விடு. என்கிட்ட குடு."

"தாள் உங்க இழுப்பறையிலதான இருக்கு. உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு ஆலைதான் தெரியும். ஆளு யாருன்னு தெரியாது."

அப்போதுதான் சொன்னேன். திட்டம் போட்டு வைத்திருந்தேன் என்று நினைக்காதே. "ஐவிந்த் மோயன்னு பேரு சார். இங்க ஜன்னலோரத்துல உக்காந்து வேலை பார்த்தாளே தோர்டிஸ், அவ புருஷன். பத்து மாசப் பொண்ணு ஒண்ணு இருக்கு. இன்னும் பல் வரல."

விபோர்க்கின் காது சிவந்தது. "இத எதுக்கு என்கிட்ட சொன்ன?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீங்க கேட்டீங்க சார்."

"நான் கேக்கல."

"தெரியாதுன்னு சொன்னீங்க."

அவர் லிவ்வின் பக்கம் புத்தகத்தை நீட்டினார். அவள் கையைத் தட்டச்சு இயந்திரத்திலிருந்து எடுக்காமலேயே, "நானும் கேட்டுட்டேனே சார். காது என்ன, மூடி போட்டா வச்சிருக்கேன்" என்றாள்.

விபோர்க் புத்தகத்தை மேசையில் வைத்தார். மூடியபடியே வைத்தார். "அப்ப நானே முடிவு பண்ணணும்கற" என்றார், என்னைப் பார்க்காமல். கொஞ்ச நேரம் டிராம் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாளை இழுத்து, சி ஆலை, மூன்று பேர், அடுத்த ஆண்டு மறுபரிசீலனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. நான் கதவருகே போனபோது, "விதியில அஞ்ச சேர்த்து எழுது. இன்னிக்கே" என்றார்.

உள்ளாடைகளை அவசரமில்லாமல் தைக்கலாம்.

நாற்காலியிலிருந்து கோப்புகளை எடுத்துவிட்டேன். அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. அலமாரி வந்துவிட்டது.

குன்வோர்


ஃபோஸ்நெஸ்
மார்ச் 15

அன்புள்ள குன்வோர்,

ஐவிந்த் செய்தியோடு வந்தான். "மூணு பேரே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அந்த ஆஸ்லோ ஆளு கெட்டிக்காரன்தான் போல. இதெல்லாம் மிஷின்ல போட்டுப் பார்ப்பாங்களாம்ல?" என்றான். "ஆமாம்" என்றேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கே தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, கேட்காமலேயே வாசல் கூரையில் தொங்கிய பனிக்கட்டிகளையெல்லாம் மண்வெட்டியால் தட்டிவிட்டான். ஒருநாள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எப்போது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கஞ்சி ஊட்டும்போது கரண்டியில் டிக் என்று சத்தம் கேட்டது. கீழ்ப் பல். உன் கரண்டிதான்.

நன்றி என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். அது சரியான சொல்லாகத் தெரியவில்லை. ஏன் என்று யோசித்தபோது வேறொன்று குறுக்கே வந்து நின்றது, மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது.

பி ஆலையில் கெட்ட இரவுகள் இரண்டுதான். நீ சரிபார்த்திருக்கிறாய், தவறில்லை. நாற்பது நாற்பதாக இருந்தது. ஒருநாளும் என் கை வழுக்கவில்லை. வட்டமிட்ட சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று உனக்கு எழுதினேன்.

அங்கே மூன்றாவது ஆளின் பெயர் என்ன, குன்வோர்? எதையும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றக் காரணமும் இல்லை. பெயர் மட்டும்.

தோர்டிஸ்


ஆஸ்லோ
மார்ச் 20

தோர்டிஸ்,

ஹால்ஸ்டெய்ன் ப்ரெக்கே. பிப்ரவரி முதல் தேதி வடக்கே போனார். மனைவியும் இரண்டு பையன்களும் தெற்கே அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். விபோர்க்கிடம்தான் கேட்டேன். இழுப்பறையைத் திறந்து தாளைப் பார்த்து, ஆலைக்குத் தொலைபேசியில் பேசி, விசாரித்துச் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. வைத்த பிறகும் தொலைபேசியின் மேலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஆண்டு முடிவில் எல்லா ஆலைகளுக்கும் மறுபடி கணக்குப் போட வேண்டும். பி ஆலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பெயர் தெரிந்த பிறகு உன்னிடம் இனி கொடுக்க முடியாது. என்னாலும் முடியாது.

குன்வோர்